இணைக்காத கால்

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு:
தண்ணியில்லா ஆறு, ராசா இல்லாக் கோட்டை.
பெண்களைப் பற்றியும் அதில் ஒரு வரி வரும்.
அதை நான் சொல்ல மாட்டேன்.

கொசப்பேட்டையில் எங்கள் சந்துக்குழாய்
எட்டு நாளைக்கு ஒருமுறை திறக்கும்.
எந்த ராத்திரி என்று தெரியும்,
எத்தனை மணி என்பதுதான் தெரியாது.
பகலெல்லாம் ஸ்கேன் சென்டரில்
டோக்கன் நம்பர் கூப்பிடுகிறவள் நான்.
குழாய் என்னைக் கூப்பிட்டால் என்ன என்று
ஒரு நாள் மாத்திரை அட்டையின் பின்பக்கம்
இரண்டு கம்பி வரைந்தேன்.

லாங் பஜாரில் போர்டு முந்நூற்றைம்பது.
"தம்பிக்கா அக்கா?" என்றான் கடைப்பையன்.
ஆமாம் என்றேன்.
எனக்குத் தம்பி கிடையாது.

முதலில் ஒரு விளக்கு:
ஒரு நொடி எரி, ஒரு நொடி அணை.
அது என் பேச்சைக் கேட்டது.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியிலிருந்து
பசை வாசனையோடு வந்த தயாநிதி
கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு
"இதுக்கு ஒரு சுவிட்ச் போதுமே" என்றார்.

பிறகு மூன்று நாள் எதுவும் ஓடவில்லை.
நாற்பத்திரண்டாம் வரியில் பிழை என்றது.
நாற்பத்திரண்டைக் கண் வலிக்கப் படித்தேன்.
பிழை நாற்பத்தொன்றில் இருந்தது,
ஒரே ஒரு அரைப்புள்ளி.
முடித்துவிட்டேன் என்று அவள் சொல்லாததால்
அடுத்த வீட்டுக்காரிக்கு விழுந்த திட்டு.

கம்பிகளைக் குழாய்க் கழுத்தில் செருகி
பழைய ஸ்கூட்டரின் பஸ்ஸரை ஜன்னலில் கட்டினேன்.
இரவு இரண்டு பத்துக்கு அலறியது.
ஜீனத் ஓடி வந்தாள், சரளாதேவி ஓடி வந்தாள்,
எபினேசர் லுங்கியை ஒரு கையில் பிடித்தபடி
இன்னொரு கையில் இரண்டு குடத்தோடு வந்தார்.
குழாயில் காற்றுகூட இல்லை.
அவர்கள் என்னைப் பார்த்த பார்வை
காலிக் குடத்தைவிடக் கனமாக இருந்தது.

தண்ணீர் இல்லாதபோது
போர்டின் அந்தக் கால்
மின்சாரத்தையும் தொடவில்லை, பூமியையும் தொடவில்லை.
எதையும் தொடாத கால் சும்மா இருக்காதாம்.
மின்விசிறி சுற்றினால் 'ஆம்' என்கும்,
என் விரல் கிட்டே போனால் 'ஆம்' என்கும்.
பொய் சொல்லவில்லை. அதற்கு
'இல்லை' என்று சொல்ல யாரும் வழி வைக்கவில்லை.
நான்தான் வைக்கவில்லை.

பத்தாயிரம் ஓம் வழியாக அதைப் பூமியோடு கட்டினேன்.
டம்ளர் தண்ணீரில் கம்பியை முக்கினால்
இப்போது ஒரேயடியாக ஊமை.
உப்புப் போட்டால் கத்தியது.
கார்ப்பரேஷனிடம் உப்புக் கேட்க முடியாதே.
பழுப்பு, கறுப்பு, மஞ்சள்:
ஒரு லட்சம் ஓம்.
சம்பளத்தில் பார்க்காத லட்சத்தை
அறுபது பைசாவுக்கு வாங்கி வந்தேன்.

அடுத்த முறை மூன்று நாற்பதுக்கு அது கத்தியபோது
ஒரு கதவும் திறக்கவில்லை.
நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு
ஒவ்வொரு வீடாகத் தட்டினேன்.
ஜீனத் கதவைத் திறக்காமல்
"தண்ணிய ஊத்திக் காட்டு" என்றாள்.
வாசலில் ஊற்றினேன். அரைக்குடம் போனது.

கதை அங்கே முடிந்திருக்கலாம்.
ஆடி மாதம் பஸ்ஸர் மறுபடி ஊமையானது.
கழற்றிப் பார்த்தால்
ஒரு கம்பி அப்படியே இருக்கிறது,
மற்றது பச்சை பூத்து ஊசியாகத் தேய்ந்திருக்கிறது.
ராப்பகலாக அதன் வழியே
வந்தியா, வந்தியா என்று
கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.
ஈரத்தில் நின்று அவ்வளவு கேள்வியைத் தாங்கினால்
செம்பும் கரையும்.

இப்போது நிமிடத்துக்கு ஒருமுறை,
கண் சிமிட்டும் நேரம்தான் கேட்கிறது.
அதற்கு மூன்று வரி போதுமாக இருந்தது.
மூன்றுக்கும் அரைப்புள்ளி வைத்தேன்.

தேய்ந்த கம்பியைத் தீப்பெட்டியில் போட்டு
மேலே தேதி எழுதியிருக்கிறேன்.
தயாநிதி அதைக் குப்பை என்று நினைத்து
இதுவரை இரண்டு முறை எறிந்துவிட்டார்.
இரண்டு முறையும் எடுத்து வந்தேன்.